கணவர் எல்லையில்... கணக்கு வீட்டில்!

ராணுவக் குடும்பங்கள் வருமான வரித் தாக்கலில் தவறவிடும் சலுகைகளும் தடுக்கி விழும் இடங்களும்

ஜூலை பிறந்துவிட்டால் வேலூர், திருவண்ணாமலை, தேனி, ராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர்களில் உள்ள கம்ப்யூட்டர் சென்டர்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மடியில் துணிப்பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். அருணாச்சலத்திலோ லடாக்கிலோ போஸ்டிங். ரிட்டர்ன் முழுவதையும் தட்டி முடித்துவிட்டுச் சென்டர் பையன் நிமிர்ந்து கேட்பான்: “ஓ.டி.பி சொல்லுங்கக்கா.” அந்த ஓ.டி.பி கணவரின் ஆதாரோடு இணைந்த போனுக்குப் போயிருக்கும். போனோ டவர் எட்டாத மலையில் இருக்கும்.

சம்பளக்காரர்கள் எல்லோரும் வருடா வருடம் செய்கிற வேலைதான் இது. ஆனால், ராணுவ வீட்டில் சம்பாதிப்பவர் ஓரிடத்திலும், சம்பளக் கணக்கு வேறிடத்திலும், காகிதங்களைத் தேடி அலைகிறவர் இன்னோரிடத்திலும் இருக்கிறார்கள். படைவீரர்களுக்கென்றே வருமான வரிச் சட்டம் பல சலுகைகளைக் கொடுத்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தாமாக வந்து சேர்வதில்லை. உரிய சான்றிதழைக் கேட்டு வாங்கி, உரிய கட்டத்தில் எழுதினால்தான் கிடைக்கும். அந்த வேலை அநேகமாக வீட்டிலிருக்கும் மனைவி தலையில்தான் விழுகிறது. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் ‘வருமான வரிச் சட்டம், 2025’ நடைமுறைக்கு வந்திருக்கிறது. என்றாலும், 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கான ரிட்டர்ன் பழைய 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தாக்கலாகும். எனவே இந்தக் கட்டுரையில் வரும் பிரிவு எண்கள் எல்லாம் அந்தச் சட்டத்தில் உள்ளவை.

லீவில் முடிக்க வேண்டிய வேலைகள்

ரிட்டர்னை அனுப்பிவிட்டால் மட்டும் தாக்கல் முடிந்ததாகாது. 30 நாள்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். தவறினால், தாக்கல் செய்த தேதிக்கு மதிப்பில்லாமல் போய்விடும். ஆதார் ஓ.டி.பி ஒன்றுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். முன்கூட்டியே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்கு மூலமாகவும் உறுதி செய்யலாம். எதுவும் முடியாவிட்டால், ஒப்புகைப் படிவத்தை அச்செடுத்து, வீரர் கையெழுத்திட்டு, பெங்களூரில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம்.

இவை எல்லாவற்றையும்விட ராணுவக் குடும்பத்துக்குப் பொருத்தமான வழி ஒன்று உண்டு. ஒருவரால் தாமே கையெழுத்திட இயலாத நிலையில், அவரிடம் பவர் ஆஃப் அட்டர்னி பெற்றவர் ரிட்டர்னில் கையெழுத்திடலாம் என்கிறது 140-ஆவது பிரிவு. வருமான வரித் துறையின் இணையதளத்திலும் இன்னொருவருக்கு அதிகாரம் அளிக்கும் வசதி இருக்கிறது. கணவர் லீவில் வரும்போதே பவர் பத்திரத்தை எழுதி, மனைவியின் பெயரைப் பதிவு செய்துவிட்டால், ஜூலையில் மலையுச்சியிலிருந்து ஓ.டி.பி வரக் காத்திருக்க வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தையும் அதே லீவில் சரிசெய்துவிடுவது நல்லது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் உண்டு. படையில் சேரும்போது அந்த இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, சர்வீஸ் ரெக்கார்டில் இன்னொரு மாதிரி இருந்தால் பான்-ஆதார் இணைப்பு தடைபடும். பான் செயலிழந்தால் டி.டி.எஸ் கூடுதலாகப் பிடிக்கப்படும், ரீஃபண்டும் நின்றுபோகும். கல்யாணமும் குழந்தை பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டர்’ மூலம் ரெக்கார்டில் ஏறிவிட்டனவா என்பதையும் மனைவி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னாளில் குடும்ப பென்ஷன் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும்.

ஃபார்ம் 16 எங்கே?

சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் இந்தச் சான்றிதழை, தனியார் கம்பெனியில் ஹெச்.ஆர் மெயிலில் அனுப்பிவிடுவார். படையில் அது பதவியைப் பொறுத்தது. தரைப்படை ஜவான்கள், ஜே.சி.ஓ-க்களின் சம்பளக் கணக்கு அந்தந்த ரெஜிமென்ட் மையத்தை ஒட்டிய சம்பளக் கணக்கு அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது குன்னூர் வெலிங்டன். ‘ஹம்ராஸ்’ செயலியில் மாதச் சம்பளச் சீட்டோடு ஃபார்ம் 16-ஐயும் தரவிறக்கிக்கொள்ளலாம். அதிகாரிகளின் கணக்கைப் புணேயில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் பார்க்கிறது. பென்ஷன் வந்துவிட்டவர்களுக்கு, பிரயாக்ராஜிலிருந்து நடத்தப்படும் ‘ஸ்பர்ஷ்’ தளத்தில் ஃபார்ம் 16 கிடைக்கும்.

ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் அதையே கண்ணை மூடிக்கொண்டு காப்பியடித்துவிடக் கூடாது. வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏ.எஸ், ஏ.ஐ.எஸ் இரண்டையும் திறந்து ஒத்துப்பார்க்க வேண்டும். வங்கி வட்டி, மியூச்சுவல் ஃபண்டு விற்பனை, பங்கு வர்த்தகம் என எல்லாம் அதில் இருக்கும். சம்பளம், வட்டி என்ற அளவில் நிற்பவர்களுக்கு ஐ.டி.ஆர்-1 போதும். பங்குகளை வாங்கிச் சில மாதங்களில் விற்று லாபம் பார்த்தவர் ஐ.டி.ஆர்-2-க்குப் போக வேண்டும். மொபைல் ஆப்பில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பண்ணியிருந்தால் அது வியாபார வருமானம். அதற்கு ஐ.டி.ஆர்-3 தேவை.

புதிய முறையா, பழைய முறையா?

லடாக்கில் இருப்பவருக்கும் காஷ்மீரில் இருப்பவருக்கும் சம்பளத்தோடு பலவிதமான படிகள் உண்டு. பழைய வரி முறையில் இவற்றின் ஒரு பகுதிக்கு விலக்கு இருக்கிறது. 9,000 முதல் 15,000 அடி உயரத்தில் பணியாற்றினால் மாதம் ரூ.1,060, அதற்கு மேல் என்றால் ரூ.1,600. ஃபீல்டு ஏரியா படிக்கு ரூ.2,600, கிளர்ச்சி எதிர்ப்புப் பணிக்கு ரூ.3,900, தீவிர ஃபீல்டு ஏரியாவுக்கு ரூ.4,200, அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களில் தீவுப் படிக்கு ரூ.3,250.

இந்தத் தொகைகளைப் பார்த்தாலே கோபம் வருகிறது. 2017-இல் ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், சியாச்சின் படி ஜவான்களுக்கு மாதம் ரூ.14,000-லிருந்து ரூ.30,000 ஆகவும், அதிகாரிகளுக்கு ரூ.21,000-லிருந்து ரூ.42,500 ஆகவும் உயர்ந்தது. படிகள் இப்படி உயர்ந்த பிறகும் வரி விலக்குப் பட்டியல் சில ஆயிரங்களிலேயே நின்றுவிட்டது. 15,000 அடிக்கு மேல், மூச்சுத் திணறும் உயரத்தில் வருடம் முழுக்க நின்றவருக்கு உயரப் படியில் கிடைக்கும் வரி விலக்கு மொத்தம் ரூ.19,200. புதிய முறையைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் கிடையாது.

ஆனாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான ஜவான் குடும்பங்களுக்குப் புதிய முறைதான் லாபம். ஒரு சுபேதாரை எடுத்துக்கொள்வோம். 2025-26-இல் அவருடைய மொத்தச் சம்பளம் ரூ.13 லட்சம். பழைய முறையில் நிலைக்கழிவு ரூ.50,000, 80சி-யில் ரூ.1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி ரூ.2 லட்சம், ஃபீல்டு ஏரியா விலக்கு ரூ.31,200 என எல்லாவற்றையும் கழித்தாலும் ரூ.8,68,800 மிஞ்சும். செஸ் சேர்த்து வரி ஏறக்குறைய ரூ.89,710. புதிய முறையில் ரூ.75,000 நிலைக்கழிவு மட்டும்தான். ரூ.12.25 லட்சம் வருமானமாக நிற்கும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டுபவர்களுக்கான விளிம்பு நிவாரணம் கிடைப்பதால் வரி ரூ.26,000-தான். ரூ.63,000-க்கு மேல் மிச்சம்!

சம்பளம் ரூ.12.75 லட்சம் வரை உள்ளவருக்கு, வேறு வருமானம் இல்லையென்றால், புதிய முறையில் வரியே இல்லை. நாயக், ஹவில்தார் வீடுகளில் பல இந்த எல்லைக்குள் வந்துவிடும். இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. ‘வரிதான் இல்லையே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?’ என்று விட்டுவிடுகிறார்கள். வரி பூஜ்யம் ஆவது தள்ளுபடியால்தான். புதிய முறையில் வருமானம் ரூ.4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். தேதி தவறினால், வருமானம் ரூ.5 லட்சம் வரை என்றால் ரூ.1,000, அதற்கு மேல் ரூ.5,000 தாமதக் கட்டணம். தாமதமாகத் தாக்கல் செய்பவர் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

மனைவி பெயரில் டெபாசிட்

மாதா மாதம் சம்பளம் வீட்டுக்கு வருகிறது. மனைவி சிக்கனமாகக் குடும்பம் நடத்தி, மிச்சத்தைத் தன் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போடுகிறார். வட்டி அவர் கணக்கில் வரவாகிறது, அவர் பான் எண்ணில் டி.டி.எஸ் பிடிக்கப்படுகிறது. இந்த வட்டி யாருடைய வருமானம்? கணவர் கொடுத்த பணத்தை மனைவி முதலீடு செய்தால் அதில் வரும் வருமானத்தைக் கணவரின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்கிறது 64-ஆவது பிரிவு. கணவரின் சம்பளம் வரி எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் இந்தச் சின்ன வட்டி எல்லையைத் தாண்டவைத்துவிடும்.

வேலைக்குப் போகும் மனைவிக்கு வேறொரு சிக்கல். கணவருக்கு இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல். ஆசிரியையாக இருக்கும் மனைவி ஒரே நிதியாண்டில் செகந்திராபாத்தில் ஒரு பள்ளி, பதான்கோட்டில் ஒரு பள்ளி என இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கியிருப்பார். இரண்டு பள்ளியும் தனித்தனியாக ரூ.75,000 நிலைக்கழிவு, வரிச் சலுகை எல்லாம் கொடுத்து ஃபார்ம் 16 தரும். ரிட்டர்னில் இரண்டையும் கூட்டும்போது நிலைக்கழிவு ஒரே ஒரு முறைதான். சேர்ந்த தொகை வரி எல்லையைத் தாண்டினால், பாக்கி வரியும் அதற்கு வட்டியும் வந்து நிற்கும். புதிய பள்ளியில் சேர்ந்ததுமே, பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி-யில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்’

யூனிட்டில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்க, வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவும் ஆசை இது. பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்வார், வருவதில் ஒரு பங்கு கமிஷன். வீரர் கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை, வாங்காத கல்விக் கடன் எல்லாம் ரிட்டர்னில் ஏறும். ரீஃபண்டும் வந்துவிடும். நோட்டீஸ் வருவது அதற்குப் பிறகு.

2023-இல் இப்படிப் போலிக் கழிவு காட்டி ரீஃபண்ட் பெற்றதாகக் கேரளத்தில் சி.பி.ஐ பதிவு செய்த வழக்கில் கடற்படையினரும் சேர்க்கப்பட்டார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, ரூ.1,045 கோடி அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் துறை அறிவித்தது. வருமானத்தைத் தவறாகக் காட்டினால் வரியைப் போல இரு மடங்கு, அதாவது 200 சதவீதம் வரை அபராதம் போடலாம். ஏஜென்ட் போனை அணைத்துவிடுவார். பதில் சொல்ல வேண்டியவர் பான் கார்டில் பெயர் உள்ளவர்தான்.

வீரமரணத்துக்குப் பிறகு

ராணுவக் குடும்பத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் மிகப் பெரிய சலுகைகள் இங்கேதான் இருக்கின்றன. மிக அதிகமாகத் தவறிப்போவதும் இங்கேதான்.

களப்பணியில் உயிர்நீத்த வீரரின் மனைவி, குழந்தைகள், நியமிக்கப்பட்ட வாரிசுகள் பெறும் குடும்ப பென்ஷனுக்கு 10(19) பிரிவின்படி முழு வரி விலக்கு. எது களப்பணி என்பதையும் விதிகள் வரையறுத்திருக்கின்றன. பயங்கரவாதிகளின் தாக்குதல், எல்லை மோதல், கண்ணிவெடி அகற்றுதல், வெளிநாட்டில் அமைதிப்படைப் பணி, இயற்கைப் பேரிடர் மீட்பு எல்லாம் அதில் அடங்கும். வெள்ளத்தில் மக்களை மீட்கப் போய் உயிரிழந்த வீரரின் குடும்பத்துக்கும் இந்த விலக்கு உண்டு. ஆனால், மரணம் அத்தகைய சூழலில் நிகழ்ந்தது என்று அவர் கடைசியாகப் பணியாற்றிய துறைத் தலைவரோ படைத் தலைமையகமோ சான்றளிக்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லையென்றால், வரித் துறையின் கண்ணில் அது சாதாரணக் குடும்ப பென்ஷன்தான்.

வீரதீர விருது பெற்றவரின் பென்ஷனுக்கும், அவர் குடும்பம் பெறும் குடும்ப பென்ஷனுக்கும் 10(18) பிரிவு விலக்கு அளிக்கிறது. 2020 ஜூனில் கல்வான் மோதலில் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்களைச் சட்டப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அசோக சக்ரா உள்ளிட்ட பிற விருதுகள் அரசு அறிவிக்கை மூலம் சேர்க்கப்பட்டவை.

இந்த இரண்டிலும் சேராத குடும்ப பென்ஷனுக்கு வரி உண்டு. அதை ரிட்டர்னில் எங்கே எழுதுவது என்பதில் ஆடிட்டர் ஆபீஸ்களிலேயே தப்பு நடக்கிறது. வீரர் தாமே வாங்கும் பென்ஷன் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வரும். மனைவி வாங்கும் குடும்ப பென்ஷன் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வரும். ரூ.75,000 நிலைக்கழிவு இதற்குப் பொருந்தாது. புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ரூ.25,000, எது குறைவோ அதைக் கழிக்கலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒருவருக்கு மாதம் ரூ.30,000 குடும்ப பென்ஷன். இன்ஷூரன்ஸ், கருணைத்தொகை எல்லாம் சேர்த்து வந்த ரூ.60 லட்சத்தை, பிள்ளைகளின் படிப்புக்காக வங்கியில் போட்டு வைக்கிறார். 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ரூ.4.2 லட்சம். வங்கி அதில் 10 சதவீதம், அதாவது ரூ.42,000-ஐ டி.டி.எஸ் பிடிக்கும். வட்டி ரூ.4 லட்சத்தைத் தாண்டுவதால் ஃபார்ம் 15ஜி கொடுத்தும் தடுக்க முடியாது. பென்ஷனில் ரூ.25,000 கழித்தால் ரூ.3.35 லட்சம், அதோடு வட்டி ரூ.4.2 லட்சம், மொத்தம் ரூ.7.55 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் இவர் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ரூ.42,000 முழுதாகத் திரும்பி வரும். செய்யாவிட்டால் வராது. ஐந்து வருடம் விட்டால் ரூ.2 லட்சத்துக்கும் மேல். அது அந்தப் பிள்ளைகளின் பணம்.

முழு விலக்கு பெற்ற பென்ஷனையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஐ.டி.ஆர்-1-இல் விலக்கு பெற்ற வருமானங்களுக்கான பகுதியைத் திறந்தால், ராணுவக் குடும்ப பென்ஷனுக்கும் விருது பெற்றவர்களின் பென்ஷனுக்கும் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. பணியில் இறந்தவரின் மனைவிக்கோ வாரிசுக்கோ அரசு தரும் மொத்தக் கருணைத்தொகைக்கு வரி இல்லை என்று வருமான வரி வாரியம் 1990-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்தத் தொகையை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு மட்டும்தான் வரிக் கணக்கு.

கணவர் இறந்த வருடத்தில் இரண்டு ரிட்டர்ன். ஏப்ரல் முதல் இறந்த நாள் வரையிலான அவரது சம்பளத்துக்கு, அவருடைய பான் எண்ணில், சட்டப்படி வாரிசாக இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு மனைவி தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழ் அல்லது குடும்ப பென்ஷன் சான்றிதழ் தேவை. அதன் பிறகு வரும் குடும்ப பென்ஷனும் வட்டியும் மனைவியின் பான் எண்ணில். கணவர் சம்பளத்தில் வருடம் முழுக்கச் சேர்த்துக் கணக்கிட்டு வரி பிடித்திருந்தால், அதில் பெரும்பகுதி ரீஃபண்டாக வரும்.

பணியால் ஏற்பட்ட உடல் பாதிப்புக்காகத் தரப்படும் டிஸெபிளிட்டி பென்ஷனுக்கும் நெடுங்காலமாக விலக்கு இருந்துவந்தது. 2019 ஜூனில் வரி வாரியம், அந்தப் பாதிப்பால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விலக்கு, வழக்கமான ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றது. முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த வரையறை இன்னும் மாறிக்கொண்டிருப்பதால், இந்தப் பென்ஷன் பெறுபவர்கள் தாக்கலுக்கு முன் அந்த ஆண்டுக்கான நிலையைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்னிவீர்கள்

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட நான்கு வருடப் படைப்பணித் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினரின் பணிக்காலம் நிறைவடையும் காலம் இது. முதல் வருடச் சம்பளம் மாதம் ரூ.30,000. அதில் 30 சதவீதம், ரூ.9,000, சேவா நிதிக்குப் போகும். அதே அளவு தொகையை அரசும் போடும். அரசு போடும் பங்கு சம்பளமாகக் கணக்கில் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. பழைய முறையில் 80சி.சி.ஹெச் பிரிவில் இரண்டு பங்கையும் சேர்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். புதிய முறையில் அரசின் பங்குக்கு மட்டுமே இந்தக் கழிவு உண்டு. நான்கு வருட முடிவில் கைக்கு வரும் நிதிக்கும் வரி இல்லை. இவர்களுடைய சம்பளத்துக்குப் பெரும்பாலும் வரி வராது. ஆனாலும், வெளியே வந்து தொழில் தொடங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேனேஜர் முதலில் கேட்பது கடந்த ஆண்டுகளின் ஐ.டி.ஆர் நகலைத்தான்.

அரசு செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் போர்ப் பகுதியில் பணியாற்றும் வீரருக்கு, அங்கிருந்து வெளியேறிய பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் குறைந்தது 180 நாள் அவகாசம் உண்டு. போர்ப் பகுதியில் இருந்த மாதங்களுக்கு ஜவான் நிலையினரின் சம்பளத்துக்கு வரியே கிடையாது. இங்கே சியாச்சினில் நிற்பவருக்கும் சென்னையில் ஏ.சி அறையில் இருப்பவருக்கும் ஒரே கெடு. ஃபீல்டு பணியில் உள்ளவர்களுக்குத் தனிக் கெடு தர ஒரு அறிவிக்கை போதும். படிகளுக்கான விலக்குத் தொகைகளை ஏழாவது ஊதியக் குழுவின் அளவுக்கு உயர்த்துவதும், அதைப் புதிய முறைக்கும் நீட்டிப்பதும் நியாயமான கோரிக்கைகளே.

களப்பணி மரணச் சான்றிதழை வீரரின் மனைவி தேடி அலையும் நிலையும் மாற வேண்டும். குடும்ப பென்ஷன் உத்தரவோடு சேர்த்தே அதை அனுப்பிவிடலாம். அது பென்ஷன் கணக்கில் பதிவானால் ஸ்பர்ஷ் தளமே வரியைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதங்களுக்கு அங்கே ஒரு வரி உதவி மேசை போட்டு, விவரம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால் கமிஷன் ஏஜென்ட்களின் பிடி தளரும். வேலூரிலும் ராமநாதபுரத்திலும் இந்த வருடமே தொடங்கலாம்.